நாலு மணி நகராமல் நின்ற லயம்

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் நாலு மணி, ஏழு மணிநேரத்துக்கும் மேல் நீடித்தது. பதுளை டவுனில் அன்று வழக்கம்போல இருட்டிவிட்டது.

வீரய்யாவின் மனைவி பெரியாயி செத்து அது மூன்றாம் நாள். வெளிநாட்டில் வீட்டுவேலை பார்த்த ஒரே மகள் தயானி வந்து முகம் பார்த்த பிறகுதான் பெட்டியை மூடுவது என்று வீரய்யா ஒற்றைக்காலில் நின்றார். டிக்கெட்டில் விடிகாலை ஐந்து மணி என்று அச்சடித்திருந்தது. காலையில் வேலைக்கு ஆள் பதியும் பெரட்டுக் களத்தில் ஒரு நிமிடம் பிந்தினாலும் பேர் போடமாட்டார்கள் என்று நாற்பது வருடம் பழகிய மனுசன். அச்சடித்த நேரம் தப்பும் என்பது அவர் மண்டையில் ஏறவேயில்லை. கொழும்பிலிருந்து வேன் வந்துசேரப் பிற்பகல் இரண்டு மணியாகும், எதற்கும் நாலு மணிக்கு எடுப்போம் என்று தோட்டமெல்லாம் சொல்லியனுப்பினார். பொழுது சாய்ந்தால் அங்கே பிணம் எடுப்பதில்லை. இன்னொரு நாள் வைக்கவும் உடம்பு தாங்காது.

ஐந்து மணிக்கு விமானம் வரவில்லை. முன்பு ஏர்போர்ட்டில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை பார்த்த தம்பி மகன் சுரேஸ்தான் விளக்கினான். ஒரே விமானத்தை ஒரு நாளில் நாலு தடவை ஓட்டுகிறார்கள். நடுவில் முக்கால் மணிதான் தரையில் நிற்கும். முதல் பயணம் பிந்தினால் அந்தப் பிந்தல் அடுத்ததில் ஏறும், அதற்கடுத்ததில் இன்னும் ஏறும். கடைசியில் ஓட்டுகிறவருக்கே வேலை நேரம் முடிந்து, மாற்று ஆளைத் தேடுவார்கள். வீரய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொழுந்து நிறுக்கவே எங்களுக்கு அரைமணி விடுறாங்க. அம்மாம் பெரிய பிளேனுக்கு மூச்சுவிட நேரம் வைக்க மாட்டாங்களாடா?"

"சும்மா நின்னா நட்டமாம் பெரியப்பா."

தயானி கொழும்பில் இறங்கியதே பிற்பகல் இரண்டு மணிக்கு. லயத்தில் நாலடித்தது. தப்படிக்க வந்திருந்தவர்கள் வீரய்யாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, "எடுக்க வேணாம்" என்றார். அவ்வளவுதான், வெயில் படியைவிட்டு நகரவில்லை. தகரக்கூரையின் நிழல் அதே கல்லிலேயே கிடந்தது. மேல் லயத்து ஜனம் இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு வந்து, கோயில் வளைவு தாண்டியதும் அணைத்தது. யாரும் பெரிதுபடுத்தவில்லை, இரண்டாம் சுற்று பிளேன்டீ ஊற்றினார்கள். வீரய்யாதான், இந்த வெயில் எவ்வளவு நேரம் தாங்குமோ என்று கல்லில் கிடந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். அத்தனை வெளிச்சத்தில் ஏன் கொழுந்து எடுக்கவில்லை என்று கங்காணி மறுநாள் கேட்டாரே, அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

மேல் லயத்தில் பதினொரு மணியானபோது, முன்லைட் எரிய ஒரு வேன் வளைவு திரும்பி வெயிலுக்குள் வந்தது. தயானி ஓடிவந்து காலில் விழுந்தாள். "பிந்திட்டேனேப்பா!"

வீரய்யா சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். "இல்ல புள்ள. மணி நாலுதான். போய் அம்மாவப் பாரு."

பார்த்தாள். ஆசைதீர அழுதாள். பெட்டியை மூடிக் கொண்டுபோய் மண் போட்டார்கள். கடைசிப் பிடி விழுந்ததும் பொழுது ஒரேயடியாகச் சாய்ந்தது. ஜனம் டோர்ச்சைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பியது.