எல்லாக் கோடும் உச்சியில்

என் கணவர் லினக்ஸைக் கரைத்துக் குடித்தவர். யாரும் கேட்காமலே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் லேப்டாப்பைப் பிடுங்கி அதிலிருந்த விண்டோஸை அழித்து லினக்ஸைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அன்றிலிருந்து என் மைக் ஊமை.

நோயாளி பேசுவதை டாக்டருக்குப் போனில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. பிள்ளை பிறந்து ஆறு வருடத்தில் என்னைத் தேடி வந்த ஒரே வேலை. அன்று பதினொரு மணிக்கு இணையத்தில் குரல் தேர்வு. நோயாளியின் ரகசியம் வெளியே போகக்கூடாதாம். அதனால் வேறு யார் குரலாவது கேட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை, மறுபடி கேட்டால் தேர்வு ரத்து.

ஒன்பதரைக்கு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இணையத்தில் எவரோ எழுதிவைத்த கட்டளைகளை வரிவரியாக எடுத்து லேப்டாப்பில் ஒட்டினார். இது எதற்கு என்று கேட்டேன்.

"சொன்னா உனக்குப் புரியாது."

அவருக்கும் புரியவில்லை என்பது மூன்றாவது ரீஸ்டார்ட்டில் தெரிந்தது. அடுத்து லேப்டாப்பைத் திட்டினார், பிறகு தேர்வு நடத்துபவர்களை. தப்பு எப்போதும் அடுத்தவர் பக்கம்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது திரையில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் திறந்து கிடந்தது. அதன் உதவிப் பக்கத்தை நான் ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்தேன், தொடத்தான் அவர் விடவில்லை. மிக்ஸரைத் திறந்ததும் தெரிபவை ஸ்பீக்கரின் கோடுகள். எஃப்-4 அழுத்தினால்தான் மைக்கின் கோடுகள் வரும். இந்த மேதாவி இத்தனை நேரமும் ஸ்பீக்கரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எஃப்-4 அழுத்தினேன். மைக்கின் ஒலியை உள்ளே வாங்கும் 'கேப்சர்' என்ற கோடு அணைந்து கிடந்தது. ஸ்பேஸ் பட்டனைத் தட்டிவிட்டு, பேசிப் பதிவுசெய்து கேட்டேன். என் குரல் வந்தது.

"பாத்தியா, நான் போட்ட கமாண்ட் இப்பதான் வேலை செய்யுது" என்றபடி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? எல்லாக் கோடுகளையும் உச்சிக்கு ஏற்றினார்.

"மைக் பூஸ்ட்டை ஏத்தாதீங்க. தூரத்துச் சத்தமெல்லாம் உள்ள வரும்."

"சத்தம் நிறைய இருந்தா நல்லதுதான். நீ எதையும் தொடாத."

மணி பதினொன்றாக இரண்டு நிமிடம். சண்டை போட நேரமில்லை. அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கோடுகளை இறக்குவதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

தேர்வு நடத்திய அம்மா நிதானமாகப் பேசினார். தேர்வுக்காக அவர் கற்பனையாகச் சொன்ன முதல் நோயாளிக்கு வயிற்று வலி. நான் பாதி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினார்.

"உங்க கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்."

"ஒரு ஆம்பளக் குரல் கேக்குதே. 'மவுஸ் பிடிக்கவே நான்தான் அவளுக்குக் கத்துக்குடுத்தேன்'னு சொல்றாரு. இப்ப சிரிக்கிறாரு. இதுதான் அந்த ஒரே எச்சரிக்கைங்க."

பக்கத்து அறையில் அவர் தன் தம்பியிடம் போனில் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சாத்திய கதவைத் தாண்டி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உச்சியில் இருந்த மைக்குக்கு எல்லாம் கேட்டது. வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்க் கத்தியிருப்பேன். கத்தினால் அவர் பதிலுக்குக் கத்துவார், வேலை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு மிக்ஸரைத் திறந்தேன். பூஸ்ட்டை மூன்று படியும் இறக்கினேன். கேப்சரைப் பாதிக்குக் கொண்டுவந்தேன். நாற்காலியை லேப்டாப்புக்கு நெருக்கிப் போட்டேன்.

"இப்ப நான் பேசறது கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குது. அவரு போயிட்டாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

"இல்லைங்க. என் வீட்டுக்காரர். பக்கத்து ரூம்ல இன்னும் பேசிட்டுத்தான் இருப்பாரு. நிறுத்த மாட்டாரு."

அந்த அம்மா சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். "அடுத்த நோயாளிக்கு மூச்சுத் திணறல். ஆரம்பிக்கலாமா?"