வேலைக்குப் போன வீடு

பொர்யேவின் வீடு முதல் தடவை ஒரு முழம்தான் நகர்ந்தது. அதே வாரம் காபித்தூள் விலையும் ஏறியதால் ஹெல்லிங்சோ ஊரில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பொர்யே குளிர்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஒரே இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன். தொழிற்சாலையை மூடியவர்கள் ஒரு துண்டு கேக்கைக் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பினார்கள். செத்தாலும் இனி அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று ஊரறியச் சொன்னான். ஆனால் இயந்திரங்கள் எடைக்குப் போனபோது, தன் இயந்திரத்தின் நான்கு சர்வோ மோட்டார்களைப் பழைய இரும்புக்காரனிடம் வாங்கிவந்து, வீட்டு நிலவறையில் கணினி சொன்னபடி வெட்டும் ஒரு சி.என்.சி. இயந்திரம் கட்டினான். மரப்பலகையில் பூவேலை வெட்டி விற்றுப் பிழைப்பதாகத் திட்டம். மின்சாரம் போனாலும் தான் நிற்கவேண்டிய இடத்தை மறக்காதபடி அந்த மோட்டார்களுக்குள் சின்னப் பேட்டரி இருக்கும். பழையதை வாங்குகிறவன் முதலில் அதைக் கழற்றி, பழைய நினைவை அழிக்கவேண்டும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பொர்யே செய்யவில்லை. மோட்டார்கள் பழைய இடத்தை நோக்கி இழுத்தன. அவற்றைத் தரையோடு முடுக்கியிருந்ததால் வீடும் கூடவே போனது.

குளிர்காலத்தில் பனிமேல் சற்று வேகமாகவே போனது. அக்கம்பக்கத்தார் வேலியைப் பிரித்து வழிவிட்டார்கள். தபால்காரி வாரம் ஒருமுறை புது முகவரி எழுதிக்கொண்டாள். பொறுமை போனது அவன் மனைவி மைவோருக்கு மட்டும்தான்.

"அந்த நாலு பேட்டரியையும் கழட்டு பொர்யே. ரெண்டு நிமிஷ வேலை."

"கழட்டினா அதுக்கு எல்லாம் மறந்துடும்."

"மறக்கட்டுமே. உன்னத் துரத்தினவன் இடத்துக்கு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

அவன் திருப்புளியோடு நிலவறைக்கு இறங்கினான். காபி குடித்துவிட்டு ஏறிவந்தான். மூன்றாம் வருடம் வீடு அவள் தங்கை வாசலைக் கடந்தபோது மைவோர் பெட்டியோடு இறங்கிக்கொண்டாள். வீடு நிற்கவில்லை. பொர்யே ஜன்னலில் நின்று அழுதான். திருப்புளி அப்போதும் சட்டைப்பையில்தான் இருந்தது.

தொழிற்சாலையை இடித்து அங்கே கடைகளும் கார் நிறுத்தும் இடமும் கட்டியிருந்தார்கள். பழைய இயந்திரம் இருந்த அதே இடத்துக்கு வந்ததும் வீடு நின்றது. கடைக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு அதைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்டார்கள். பொர்யே தினமும் காலை ஆறு மணிக்கு நிலவறையில் இறங்கி, இயந்திரத்தின் இடப்பக்கம் தன் பழைய இடத்தில் நின்றான். வெட்ட ஒன்றுமில்லை, பலகை வாங்குவதையே விட்டிருந்தான்.

ஒரு இலையுதிர்காலத்தில் நான்கு பேட்டரிகளும் தீர்ந்தன. கேள்விப்பட்டு மைவோர் இலவங்கப்பட்டை பன்னோடு பஸ்ஸில் வந்தாள்.

"அதுங்களே மறந்துடுச்சு. இப்ப உன்ன யாரு புடிச்சு வச்சிருக்கா?"

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் சங்கு ஊதட்டும். வரேன்."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். இரண்டு மணி அடித்தது. பொர்யே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவள் பன்னை இயந்திரத்தின்மேல் வைத்தாள், அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். சங்கையும் தொழிற்சாலையை மூடிய வருடமே எடைக்குப் போட்டிருந்தார்கள். வண்டியில் ஏற்றிவிட்டவன் பொர்யேதான்.