எட்டுப் பெட்டி, ஓர் அங்குலம்

1

இந்தக் கதை என் அலமாரியிலிருந்து வந்தது. கௌரவமாகச் சொன்னால் உந்துதல், உள்ளதைச் சொன்னால் ஆத்திரம். ராஜா அண்ணாமலைபுரத்தில் என் படுக்கையறைச் சுவர்க்குழியில் உட்கார வேண்டிய அலமாரி, எட்டுப் பெட்டிகளாக வந்து இறங்கியது. சேர்த்து வைத்தால் ஓர் அங்குலம் கூடுதல். உள்ளே போகமாட்டேன் என்று ஹாலில் நின்றது. ஆழ்வார்பேட்டையில் இருக்கும் இன்டீரியர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "யார் தப்பு? எனக்குப் பேர் வேணும்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் அங்கே போய் என்ன வேலை பார்த்தது என்பதுதான் கதை. இதில் நான் வில்லியாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை. ஜுவேரியா கணினித் திரையை வெறித்தபடி, தன் வாழ்க்கையும் இப்படித்தான் கோடுகளுக்கு நடுவே—"

சே, வேண்டாம். மழையும் இல்லை, அவள் எதையும் வெறிக்கவும் இல்லை.

இரண்டாவது: பகல் பதினொரு மணி. அந்த ஆபீசில் கேட் (CAD) மென்பொருளில் வரைபடம் போடுகிற ஒரே ஆள் ஜுவேரியா. என் அலமாரியை அவள்தான் வரைந்தாள். ஒவ்வொரு பெட்டியும் ஓரடி ஐந்து அங்குலம், அதற்கு மேல் எட்டில் மூன்று. தச்சர் கணக்கில் மூன்று நூல். அங்குலத்தை எட்டாக்கினால் ஒன்று ஒரு நூல், அவ்வளவுதான். மொத்தம் பதினோரடி ஏழு அங்குலம்.

(இடைக்குறிப்பு: இதை எழுத அந்த மென்பொருளை நானும் தொட்டுப் பார்த்தேன். ஐந்து போட்டு, ஓர் இடைவெளி விட்டு, 3/8 தட்டினேன். அது ஐந்தோடு கோட்டை நிறுத்திவிட்டது. "இடைவெளி விட்டா முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும் மேடம். நடுவுல சின்னக் கோடு போடணும், 5-3/8னு" என்றாள் ஜுவேரியா. திரையில் காட்டும்போது மட்டும் அது இடைவெளி விட்டே காட்டுகிறது. தனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயம்.)

வரைபடம் அச்சுக்குப் போகும் முன் முதலாளி மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எட்டுல மூணு, எட்டுல அஞ்சுன்னு கொசகொசன்னு? கஸ்டமர் பாத்தா மிரண்டுருவாங்க. அரை இன்ச்சோட நிறுத்து. அதுக்குக் கீழ பொடி வேண்டாம்."

"காட்டுறதுதான் மாறும் சார், உள்ள இருக்கிற கோடு மாறாது. ஷஃபி பாய் பேப்பரைப் பாத்துதான் அறுப்பாரு."

"அதெல்லாம் பாத்துப்பாரும்மா. மாத்து."

மாற்றினாள். ஒரே ஒரு சொடுக்கு, எட்டில் ஒன்று வரை காட்டிக்கொண்டிருந்த செட்டிங் அரையோடு நின்றது. எட்டில் மூன்று, அரை அங்குலமாகி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு பெட்டியும் காகிதத்தில் ஒரு நூல் பெருத்தது, மொத்தம் மட்டும் பழையபடி பதினோரடி ஏழு என்றே நின்றது. எட்டையும் யாராவது கூட்டியிருந்தால் பதினோரடி எட்டு என்று வந்திருக்கும். ராயப்பேட்டைப் பட்டறையில் தச்சர் ஷஃபியுல்லாவும் கூட்டவில்லை. காகிதத்தில் இருக்கிற எண்ணை நூல் பிசகாமல் அறுப்பதுதான் அவர் வழக்கம். அறுத்தார்.

3

என் போன் வந்த பிறகு நடந்தது இது.

மாணிக்கவாசகம் அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "திரும்ப எட்டுல ஒண்ணுக்கு மாத்திரும்மா. பழைய தேதியே போட்டு ஒரு பிடிஎஃப் எடு. பாய்தான் தப்பா அறுத்துட்டாருன்னு சொல்லிரலாம். அந்தம்மா பேர் கேக்காங்க."

ஒரு சொடுக்குதான். அதைச் செய்தால் எட்டுப் பெட்டியும் ஷஃபியுல்லா தலையில் விழும், பன்னிரண்டு வருஷமாகச் செய்யும் இந்த ஆபீஸ் வேலையும் அவருக்குப் போகும். செய்யாவிட்டால் அவளுக்குப் போகும்.

[அவள் கண்கள் கலங்கின.]

"மாட்டேன் சார்" என்றாள். "பாய் பேப்பர்ல இருந்ததைத்தான் அறுத்திருக்காரு. செட்டிங்கை மாத்துனது என் கை. தெரிஞ்சே மாத்துனேன், இன்னொரு தடவை சொல்லியிருக்கணும், சொல்லல. என் பேரைச் சொல்லுங்க."

"உன் பேரைச் சொன்னா ஆபீஸ் பேரும்லா கெடும்?"

"கெடட்டும் சார்."

"சீட்டுல இருக்கணும்னு ஆசை இல்லையா உனக்கு?"

"சீட்டு உங்களுது. வரைஞ்சது நான்."

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. மாசச் சம்பளத்தில் இருக்கும் பெண் இவ்வளவு வெடுக்கென்று பேசுவாளா? வாசகர் நம்புவாரா? அதனால்தான் மேலே அடைப்புக்குறிக்குள் கண்ணைக் கலங்க வைத்தேன். வரைவை அவளுக்கே அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது. "கண்ணெல்லாம் ஒண்ணும் கலங்கல மேடம். கோவம்தான் வந்துச்சு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. அதை எழுதுங்க."

எழுதிவிட்டேன். என் பொய் அடைப்புக்குறிக்குள் அப்படியே கிடக்கட்டும், எனக்கு அந்த அவமானம் தேவைதான்.

4

அன்று மாலை அவளே எனக்குப் போன் செய்தாள். யார், எவர் என்ற பீடிகை கிடையாது.

"பேர் கேட்டீங்களாமே. ஜுவேரியா. எழுதிக்கோங்க."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். அசல் அச்சுத்தாளைப் படம் எடுத்து எனக்கும் ஷஃபியுல்லாவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். பார்த்தேன். கீழே ஓரத்தில், 'சரிபார்த்து ஒப்புக்கொண்டேன்' என்ற வரியின் மேல் என் கையெழுத்து இருந்தது. எட்டு எண்ணைக் கூட்டத் தெரியாதவளா நான்? அழகாக இருக்கிறதே என்று போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மானம் போனது.

அடுத்த நாள் மாணிக்கவாசகம் பேசினார். "மேடம், அந்தப் பொண்ணு பெரிய தப்பு பண்ணிருச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே நிறுத்திருதேன்."

"நிறுத்தக் கூடாது" என்றேன். "அவங்கதான் வந்து திரும்ப அளவெடுக்கணும், பாய்தான் சரி பண்ணணும், செலவு உங்களுது. இல்லன்னா அலமாரி ஹால்லயே நிக்கட்டும், வர்றவங்க கேட்டா அத்தனை பேர் கிட்டயும் முழுக் கதையையும் சொல்லுவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

5

முடிவுகள்.

அ) முதலாளி மனம் திருந்தி, ஷஃபியுல்லா கையைப் பிடித்து— ஜுவேரியா அனுப்பிய பதில்: "அவரு அப்படியாப்பட்ட ஆள் இல்ல."

ஆ) அவள் வேலையை உதறி, தி.நகரில் சொந்தமாக ஆபீஸ் திறந்து, வாசலில் பெரிய பலகை— பதில்: "வாடகை யாரு குடுப்பா மேடம், நீங்களா?"

இ) எழுதத் தொடங்கி நான்கு வரியில் விட்டுவிட்டேன். அதில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன்.

ஒன்பது நாள் ஆகிறது. முதலாளி எனக்குப் பதில் சொல்லவில்லை. அவளை நிறுத்தவும் இல்லை, அவளோடு பேசவும் இல்லை. ஷஃபியுல்லாவைக் கூப்பிடவும் இல்லை. என் வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள், நானும் சொன்னபடி ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்கு மேல் நடக்காததை நடந்ததாக நான் எழுதமாட்டேன். பத்திரிகைக்காரர் முடிவு கேட்கிறார், கேட்கட்டும். உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் நீங்களே ஒன்று எழுதி அவளுக்கு அனுப்புங்கள். பிடிக்கவில்லையென்றால் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள்.

நேற்று போனில் கேட்டேன், ஆபீசில் என்ன செய்கிறாய் என்று.

"எல்லா டிராயிங்கையும் எட்டுல ஒண்ணுக்கு மாத்திக்கினு இருக்கேன்."

"சார் கிட்ட கேட்டியா?"

"கேக்கல மேடம். எதுக்கு?"