முர்டினா வந்தால் விரியும் மணல்

இன்றைக்காவது என்னை எதிர்பார்க்காமல் நீ பாட்டுக்கு இருந்து தொலையேன், என்று முர்டினா கடற்கரையிடம் மனதுக்குள் சொன்னாள். வாய்விட்டுச் சொல்ல முடியாது. பின்னால் மழைச்சட்டை போட்ட கூட்டம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. மேய்ச்சல் நிலத்தின் இரும்புக் கதவைத் திறந்து ஒரு அடி வைத்தாள். கருஞ்சேறும் ஹெதர் புதரும் விலகின. வெள்ளை மணல் வடக்கு மலையடிவாரம் வரைக்கும் விரிந்தது. பச்சைத் தண்ணீர் வந்து அதன் ஓரத்தில் நின்றது. பின்னால் எல்லோரும் வழக்கம்போல மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒன்றான ஹெல்சேயில், கார்னிஷ் ஊரின் கடற்கரை முர்டினா அங்கே இருந்தால்தான் இருந்தது. ஊரில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லிக் கேட்டதில்லை. கம்பளிக்கு இந்த வருஷம் விலை இல்லை, வடமேற்குக் காற்றென்றால் படகு வராது என்கிற வரிசையில், முர்டினா போகாவிட்டால் மணல் இருக்காது என்பதையும் சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சுவார்கள்.

முன்பு அது எல்லா ஊர்க் கடற்கரையும் போலத் தன்பாட்டுக்குக் கிடந்ததுதான். முர்டினாவின் அம்மா இறந்த வருஷத்தில் மாறிற்று. அந்தத் தீவில் சவப்பெட்டியை ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து போவார்கள். பெண்கள் வீட்டிலேயே நின்றுவிட வேண்டும். கல்லறைத் தோட்டம் மணலுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில். அன்று ஆண்கள் இரும்புக் கதவு வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கதவுக்கு அப்பால் கடற்கரையும் இல்லை, கல்லறையும் இல்லை. மேய்ச்சல் குழுவின் செயலாளரும் திருச்சபை மூப்பருமான பெரிய இயன், மூடுபனியில் வழி தவறிவிட்டது என்றார். ஊரிலிருந்து அந்தக் கடற்கரைக்கு இருப்பது ஒரே பாதை. வழி தவற வேறு வழியே கிடையாது. மழையில் பெட்டியை மதில்மேல் இறக்கி வைத்துவிட்டு நின்றவர்களை, வீட்டில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த முர்டினா ஜன்னல் வழியே பார்த்தாள். கத்தியை வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு ஓடினாள். அவள் கதவைத் தாண்டியதும் மணல் விரிந்தது, கல்லறைகள் எழுந்தன, முந்தின நாள் தோண்டிய குழியும் வாய் திறந்தது. பெண்கள் வரக்கூடாது, திரும்பிப் போ, என்றார் இயன். அவள் திரும்பினாள். குழியும் மறைந்தது, அதில் ஊன்றியிருந்த அவருடைய புது மண்வெட்டியும் மறைந்தது. இயன் கொஞ்ச நேரம் தன் பூட்ஸையே பார்த்தார். "சரி, நில்லு," என்றார். அதன் பிறகு கார்னிஷில் ஒவ்வொரு சாவுக்கும் ஆண்களோடு ஒரே ஒரு பெண் போனாள். மற்ற பெண்கள் வழக்கப்படி வீட்டில் நின்றார்கள். வழக்கம் மாறிவிட்டதாக ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை.

சாவுக்குப் போவது அவளுக்குப் பாரமாக இருந்ததில்லை. பிறகுதான் பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். பவேரியாவிலிருந்து வந்த ஒரு தம்பதி, சாவுக் கூட்டத்தின் பின்னால் தெரியாமல் நடந்து போய், அந்தத் தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடையில் படுக்கை வைத்த வேன்கள் ஒற்றைப் பாதையை அடைத்து நின்றன. மேய்ச்சல் குழு கூடி, கிடாவை இந்த வருஷம் யார் வீட்டில் கட்டுவது என்பதற்கும் கிழிந்த கம்பிவேலிக்கும் நடுவில், முர்டினாவைப் பற்றிப் பேசி முடித்தது. கார்னிஷில் கிடாவுக்கு முறை உண்டு, ஊர்க் காளைக்கு முறை உண்டு. கடற்கரைக்கும் முறை வைத்தார்கள், எல்லா முறையும் அவளுக்கே வந்தது. அதற்கு ஈடாக அவள் அடுப்பில் விறகாக எரிக்கிற எரிமண்ணைச் சேற்றுநிலத்திலிருந்து ஊரே சேர்ந்து வெட்டி, காயவைத்து, வீட்டுச் சுவரோரம் அழகாக அடுக்கிக் கொடுத்தது. ஆட்டுக்கு மயிர் கத்தரித்தது. புயலில் பறந்த கூரை ஓடுகளை அவள் கேட்பதற்கு முன்பே மாட்டியது. கேட்டு வாங்கிய உதவியென்றால் போதும் என்று சொல்லலாம். கேட்காமல் வந்ததை எந்த வாயால் நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் அடுக்கிய எரிமண்ணில் குளிர் காயும்போதெல்லாம், சூடு முதுகில் ஏறுவதற்குள் நாளைக்குக் கதவடியில் நிற்க வேண்டுமே என்ற எண்ணம் ஏறிவிடும்.

ஆண்டுகள் இப்படிப் போயின. தேநீர்க் கடை வந்தது, குளியலறைகள் வந்தன, இயனின் மருமகள் முட்டையும் ஓட்ஸ் ரொட்டியும் விற்கப் பெட்டிக்கடை போட்டாள். நில அளவைக்காரர்கள் கடற்கரையை வரைபடத்தில் போட்டார்கள், பிறகு எடுத்தார்கள், கடைசியில் புள்ளிக்கோட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போனார்கள். முர்டினா மணலில் நின்றாள். அம்மா, படத்தில் நீங்கள் விழுகிறீர்கள், கொஞ்சம் நகர முடியுமா, என்று எல்லா நாட்டுக்காரர்களும் கேட்டார்கள். நகர்ந்து கதவுக்கு வெளியே போனால் மணலே போய்விடும் என்பதால், மணல் மேட்டுக்குப் பின்னால் மல்லாந்து படுத்துக்கொள்ளப் பழகினாள். கொசுப்பூச்சிகள் காதுக்குள் போகும். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ, இத்தனை தனிமையான இடத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று உருகுவார்கள். ஒருமுறை மழை பொறுக்காமல் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இரண்டு டச்சுக்காரர்கள் முழங்கால் வரை சேற்றில் நின்று, ஒரு ஜோடிச் செருப்பைத் தீவுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இவையெல்லாம் எரிச்சல்தான், ஆனால் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு ஒன்று. கதவைத் திறந்து காலை வைக்கும்போது பின்னால் அந்த மூச்சு எழுகிறதே, அப்போது அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமும், இத்தனை அலுப்பிலும், அது ஒருநாளும் தவறியதில்லை. மறு கணமே வெட்கமாக இருக்கும். அது என் அழகா, நான் செய்ததா, என்று தன்னையே கடிந்துகொள்வாள். சின்ன வயதில் அந்த மணலில் குப்புறப் படுத்தால் அவள் வந்ததே அதற்குத் தெரியாது; அவள் பாட்டுக்கு அழலாம், தூங்கலாம், எழுந்து போகலாம். இப்போதோ, கறவை நேரத்துக்கு மாடு வாசலில் நின்று முகத்தையே பார்ப்பதுபோல் அது அவள் முகத்தைப் பார்த்தது. தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒன்றை எப்படிப் பார்ப்பது?

அதனால்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. தெற்கே பால்டர்சே என்றொரு தீவு இருக்கிறது, அங்கேயும் மணல் உண்டு. ஒரே ஒரு நாள் அங்கே போய், பிளாஸ்கில் தேநீரோடு, யாரென்று தெரியாத ஒருத்தியாக உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். பெரிய ஆசை இல்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாளும் கூட்டம் வந்தது. கூட்டமில்லாத குளிர்காலத்தில் காற்று படகை நிறுத்தியது. காற்றில்லாத நாளில் யாராவது இறந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளை யாரும் கேட்காத நாள். ஓய்வுநாளில் கடற்கரைக்கும் ஓய்வு என்று ஊர் எடுத்துக்கொண்டது. விவரம் தெரியாத சுற்றுலாக்காரர்கள் சேற்றில் அலைவார்கள், ஊரார் கறுப்பு உடையில் தேவாலயத்துக்குப் போகிற வழியில் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை படகு கிடையாது, கடை கிடையாது, கொடியில் துணி போடக்கூடாது, பள்ளி ஊஞ்சலைக்கூடச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். உல்லாசத்துக்கு நடப்பதே தப்பு. ஆறு நாள் மணலில் நின்றவள் ஏழாம் நாள் திரைபோட்ட ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விடுதலை கிடைக்கிற ஒரே நாளில் அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை.

இந்த வசந்தத்தில் ஞாயிற்றுக்கிழமையும் படகு விடத் தொடங்கினார்கள். பெரிய இயனும் மற்ற மூப்பர்களும் படகுத்துறையில் நின்று அதை எதிர்த்து மழையில் வேதாகமச் சங்கீதம் பாடினார்கள். படகு ஒரு நாயையும் இரண்டு விற்பனைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதன் பிறகும் கார்னிஷ்காரர் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் முர்டினா பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில், வேர்வை வழிய, மறுநாள் ஞாயிறுக்குப் பால்டர்சே சீட்டு ஒன்று வாங்கினாள். சீட்டு கொடுத்த பெண், யாருக்கு, என்றாள். எனக்கு, என்று சொன்னபோது குரல் யாருடையது போலவோ கேட்டது.

அன்று பிற்பகல், ஞாயிற்றுக்கிழமைக்கான சமையலை முந்தின நாளே முடித்துவைக்கிற வழக்கப்படி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி டோர்மாட், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவன், அடுப்போரம் உட்கார்ந்து நாளைய முகச்சவரத்தை இன்றைக்கே செய்துகொண்டிருந்தான். பெரிய இயன் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"சனிக்கிழமையே ஞாயித்துக்கிழமை முகத்தோட வர்றீங்களே, இயன். யாரு செத்தா?" என்றான் டோர்மாட்.

"யாரும் சாகல. நீ மூஞ்சியை வெட்டிக்காம சிரை." இயன் முர்டினா பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒரு உல்லாசக் கப்பல் வருதாம், பெண்ணே. வெளியில நங்கூரம் போட்டு, ஆளுங்களைச் சின்னப் படகுல இறக்குவாங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் முர்டினா.

"எனக்குத் தெரியாதா." அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நம்ம திருச்சபை வினாவிடையில என்ன இருக்கு? அவசியமான வேலையும் இரக்கத்தோட வேலையும் ஓய்வுநாள்ல செய்யலாம்னு இருக்கு. வர்றவங்க எல்லாம் வயசானவங்க. இன்னொரு தரம் இவ்வளவு தூரம் வரப் போறாங்களா? யோசிச்சுப் பாத்தா அது இரக்கம்தான்."

"அந்த மாதிரிக் கப்பல்ல நான் வேலை பாத்திருக்கேன்," என்றான் டோர்மாட், சோப்பு நுரையோடு. "ஒரு நாளைக்கு அஞ்சு வேளை தின்னுவாங்க. நம்ம இரக்கம் ஆறாவது வேளையா?"

"உன்கிட்டப் பேசல."

"படகுத்துறையில பாடினப்ப இந்த இரக்கத்தைப் பத்தி ஒரு வரிகூட வரலையே."

இயன் அதைக் காதில் வாங்காததுபோல் நின்றார். காது சிவந்தது. முர்டினாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவர்தான் போன வாரம் முட்டிவலியோடு அவள் எரிமண்ணைப் புரட்டிப் போட்டவர். ஒரு கிழங்கை எடுத்து, ஏற்கெனவே உரித்ததென்று பார்த்து, திரும்ப வைத்தாள். இப்போது சரி என்று சொல்லிவிட்டால் ஞாயிறும் போய்விடும் என்று தெரிந்தது. வாயில் சரி என்ற சொல் தயாராக வந்து நின்றது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அதற்கு அவளுடைய அனுமதி தேவைப்படவில்லை. அதை அங்கேயே நிறுத்திவைத்தாள்.

"நாளைக்கு எனக்கு வேற வேலை இருக்கு, இயன்."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

"பால்டர்சே போறேன். கடற்கரை பாக்க."

டோர்மாட்டின் கத்தி கன்னத்தில் நின்றது. இயன் வாயைத் திறந்தார். ஓய்வுநாளில் படகேறுவதைப் பற்றி அவரிடம் நிறையச் சொல்ல இருந்தது, அவர் தாத்தா சொன்னதும் இருந்தது. ஆனால் சற்று முன்னால்தான் தானே இரக்கத்தைப் பற்றிப் பேசியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

"அக்கா, நெஜமாவா?" என்றான் டோர்மாட் மெதுவாக.

"சீட்டு வாங்கியாச்சு."

"கடற்கரையா உனக்கு இல்ல?" என்றார் இயன். அவர் குரலில் உண்மையான குழப்பம் இருந்தது. "உலகமே நம்ம மணலைப் பாக்க வருது. அங்க அப்படி என்ன இருக்கு?"

"அது நான் வராமலே இருக்கு," என்றாள்.

அடுப்பில் எரிமண் இடிந்து விழுந்தது. இயன் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். கதவுக்கு அப்பால் சேறு கறுப்பாக, மழையில் மினுமினுத்துக்கொண்டு, மூன்று செம்மறிகளோடு கிடந்தது. அவர் அதை விலைக்கு வாங்கப் போகிறவர்போல நெடுநேரம் மதிப்பிட்டார்.

"அப்ப அவங்களுக்கு எதைக் காட்டறது?"

"இருக்கறதைக் காட்டுங்க. பாறை இருக்கு. பருத்திப் புல்லு பூத்திருக்கு. ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு வரச் சொல்லுங்க."

"ரப்பர் பூட்ஸ்," என்று இயன் சொல்லிக்கொண்டார். கிடைக்குமா என்று கணக்குப் பார்க்கிற முகம். பிறகு கதவருகே போய், தொப்பியைப் போட்டுக்கொண்டு, போட்டதைத் திரும்பக் கழற்றினார். "சாவு ஏதாவது வந்தா?"

"சாவுக்கு வருவேன். எப்பவும் வருவேன்."

"சரி." இன்னும் அவர் போகவில்லை. "படகுத்துறைக்கு நீ மலை மேட்டைச் சுத்தாம அந்தக் கதவுப் பக்கமாத்தானே போவ. அவங்க எட்டு மணிக்கெல்லாம் வந்துருவாங்க. நீ நிக்க வேண்டாம். போற வழியில கதவைத் திறந்து ஒரு அடி. ஒரே ஒரு அடி வெச்சுட்டுப் போயிடு. கால் வெச்சிருக்கிற அந்த நிமிஷம் தெரியும்ல, ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்குவாங்க."

ஒரு அடி என்பது எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரியும். பின்னால் மூச்சு எழும். தனக்குள் அது நிமிர்ந்து உட்காரும். அவள் நின்றுவிடுவாள், படகு போய்விடும். உரித்த கிழங்குகள் முங்குகிற அளவு பானையில் தண்ணீர் ஊற்றி மூடினாள், கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல, இயன்," என்றாள். "நான் மேட்டுப் பாதையில போறேன்."