என் பங்கை நான் எழுதுவதில்லை

லெமுவல் க்ரவுடரின் பேண்டில் ஒன்பது வருஷம் டிராம்போன் ஊதினேன். ஊதியது பாதி வேலைதான். மீதிப் பாதி, வருகிற பாட்டையெல்லாம் மற்ற பன்னிரண்டு பேருக்கும் பிரித்து எழுதிக் கொடுப்பது. கான்சாஸ் சிட்டியில் எந்த நடனக் கூடத்திலும் இரண்டு வரி கேட்டாலே ஆட்கள் சொல்லிவிடுவார்கள், இது எல்பர்ட் ஹெய்ன்ஸ் கை என்று. க்ரவுடருக்கு நல்ல கோட்டு, நல்ல பல்வரிசை. இசை நோட்டு மட்டும் படிக்கத் தெரியாது. இதை நான் வெளியே சொன்னதில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எல்லாருக்கும் எழுதுவேன், எனக்கு மட்டும் எழுத மாட்டேன். என் பங்கு என் மண்டையில் இருக்கும். பதினெட்டாம் தெருவில் பாட்டு எழுதுகிற பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சோம்பேறித்தனம் என்பார்கள். சோம்பேறித்தனமெல்லாம் இல்லை. என் நாற்காலி காலியானால் அந்தப் பாட்டெல்லாம் பல் போன வாய் மாதிரி ஆகிவிடும். என்னை யார் அசைப்பது என்கிற தைரியத்தில் இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் வசந்தத்தில் நியூயார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு பாட்டு, இசைத்தட்டுக்கு. ஆறும் நான் எழுதியவை. க்ரவுடரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: தட்டில் ஒட்டுகிற தாளில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரும் வரவேண்டும். அதற்கென்ன என்று தோளைத் தட்டினார். இரண்டு நாள் கழித்து, உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் என்ன செய்வது, உன் பங்கையும் எழுதி வைத்துவிடேன் என்றார். எனக்குக் காய்ச்சல் வராது என்று சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் வெண்டலுக்கு என்மேல் திடீர் பக்தி வந்தது. வெண்டல் சக்ஸ் எனக்குப் பக்கத்து நாற்காலி, இரண்டாவது டிராம்போன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். நீ அந்த இடத்தை எப்படி ஊதுகிறாய், கொஞ்சம் காட்டு, நானும் கற்றுக்கொள்கிறேன் என்றான். மத்தியானம் மத்தியானம் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஆறு பாட்டையும் ஊதிக் காட்டினேன். அவன் மனைவி ஐடா மீன் பொரித்துப் போட்டாள். அவன் தலையாட்டத் தலையாட்ட, அவன் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். நான் புகை பிடிக்கக் கொல்லைப்பக்கம் போனபோதெல்லாம் அவன் உள்ளே என்ன செய்தான் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. முகஸ்துதிக்கு மயங்குகிற முட்டாள்களில் என்னை விடப் பெரியவனை இன்னும் நான் பார்க்கவில்லை.

புறப்படும் நாள் காலை ஒன்பது மணிக்கு இசைக்காரர் சங்கக் கட்டடத்து வாசலில் பஸ் நின்றது. பெட்டியோடு ஏறினேன். என் இடத்தில் டல்சா ஊர்க்காரன் ஒருத்தன், முப்பது வயதிருக்கும், மடியில் டிராம்போன். கையில் ஆறு தாள், வெண்டலின் சாய்ந்த கையெழுத்து. நாங்கள் தாளின் தலையில் வாத்தியத்தின் பெயரைப் போடுவதில்லை, ஊதுகிற ஆளின் பெயரைத்தான் போடுவோம். ஆறிலும் எல்பர்ட் என்று போட்டிருந்தது.

"நீங்கதான் எல்பர்ட்டா?" என்று அவன் எழுந்திருக்கப் பார்த்தான். "உங்க எடம்னு எனக்குத் தெரியாதுங்க."

க்ரவுடர் முன் இருக்கையிலிருந்து திரும்பக்கூட இல்லை. "தட்டுல ஒரு பேருக்குத்தான் எடமாம் எல்பர்ட்டு. பஸ்லயும் அப்படித்தான். திரும்பி வந்து பேசிக்கலாம்."

இறங்கிவிட்டேன். வெண்டல் பின்னாலேயே இறங்கி வந்தான். அவன் உதட்டைக் கிழித்துவிடலாம் என்று ஆத்திரம் வந்தது. ஊதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"எனக்கு ரெண்டு புள்ளைங்கடா," என்றான். "நான் எழுதலேன்னா என்னையும் எறக்கி விட்டிருப்பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவன் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தான்.

"கடைசிப் பாட்டுல எல்லாரும் நிறுத்துவாங்களே, நீ மட்டும் ஊதிட்டே போவியே. அங்க எந்த எடத்துல மூச்சு எடுக்கறேன்னு புடிபடலடா."

பஸ் ஜன்னலில் பத்துப் பன்னிரண்டு முகம். யாரும் என்னை நேராகப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் காது இங்கேதான். பொய் சொல்லியிருக்கலாம். நடுவில் எங்காவது மூச்செடுக்கச் சொன்னால் போதும், நியூயார்க்கில் பாட்டு அங்கேயே படுத்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். படுக்கப்போவது என் பாட்டு.

"எடுக்கறதே இல்ல," என்றேன். "ஒரே மூச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு சுரத்த விட்டுட்டு மூச்ச ரொப்பிக்கணும். விட்டது யாருக்கும் தெரியாது."

பஸ்ஸின் பக்கவாட்டில் தாளை வைத்து எழுதினான். சரியா பாரு என்று நீட்டினான். மேல் வரியில் ஒரு சுரம் தப்பாக இருந்தது. பென்சிலை வாங்கி அதையும் திருத்திக் கொடுத்தேன்.