அவன் முடுக்கியது

மெக்கானிக் நீளக் கைப்பிடியை மாட்டி எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். கால் சுற்று வந்து நின்றுவிட்டது. உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இன்னொரு முறை அழுத்தினார். ம்ஹூம். "உள்ள எங்கயோ பிடிக்குதுய்யா," என்றார். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நல்ல சேதி இல்லை என்பதை மெக்கானிக்கின் முகமே சொன்னது.

வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அந்தக் கார் தையல்காரரின் அப்பா வாங்கியது. உருண்டை விளக்கும், அகலமான இடுப்பும், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும் குணமுமாக இருந்ததால் வீட்டில் அதற்குப் 'பெரியம்மா' என்று பெயர். வெகு காலம் ஓடாமல் கிடந்ததைத் தையல்காரரின் ஒரே மகன்தான் கையில் எடுத்தான். பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு எஞ்சினை வெளியே எடுத்தான். கழுவி, தேய்ந்ததை மாற்றி, இரும்புத் தாங்கியில் தலைகீழாக மாட்டி, உள்பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, தானே நடந்துபோய் வாடகைக் காரில் ஏறினான். மறுநாள் அவனைக் கொண்டுவந்து கிடத்தியபோது நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. தையல்காரர் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் எஞ்சினை வைத்திருக்கும் இந்த அறைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பல்லே தேய்ப்பார். மருமகள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டாள். தையல்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அவன் பூட்டியதை அவிழ்க்கக் கூடாது. மிச்சத்தை மட்டும் முடித்துக்கொடுத்தால் போதும்.

மெக்கானிக்கைக் கூப்பிடுகிற பெயர் பொறுமை. எந்தக் குறும்புக்காரன் வைத்தானோ தெரியாது, மனிதர் எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல நிற்பார். டார்ச்சைப் பல்லில் கடித்தபடி எஞ்சினுக்குள் குனிந்தவர் நிமிர்ந்து, பழைய துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"ஐயா, இங்க பாருங்க. நாலு பிஸ்டன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தண்டு. தண்டோட காலை இந்த மூடி போட்டு நடுவுல சுத்துற கிராங்கோட சேர்த்துப் பூட்டணும். ஒரு தண்டுக்குப் பண்ண மூடி இன்னொண்ணுக்குச் சேராது. அதுக்குத்தான் நம்பர் குத்தியிருக்கு. தம்பி ரெண்டாவது மூடியை மூணுலயும், மூணாவதை ரெண்டுலயும் மாத்திப் போட்டுடுச்சு."

"அப்படியே ஓட்ட முடியாதா?"

"ஓட்டினா தண்டு உடைஞ்சு, எஞ்சின் பக்கத்தைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும்."

தையல்காரர் எழுந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு மூடியிலும் இரண்டு போல்ட். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து மூடிவரை மெல்லிய சிவப்புக் கோடு. முடுக்கி முடித்ததற்கு அடையாளம் அது என்றார் பொறுமை. வாசற்படியில் நின்றிருந்த மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"அது என் நெயில் பாலிஷ்," என்றாள். "வீடு முழுக்கத் தேடினேன். எங்கயாவது போட்டிருப்பேன்னு அவர் என்னையே திட்டினாரு." சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு பாதியில் கைவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவிழ்க்க வேணாம்," என்றார் தையல்காரர். "இப்படியே இருக்கட்டும்."

பொறுமை வாயைத் திறக்கப் போனார். மருமகள் முந்திக்கொண்டாள். "ஓடணும்னுதானே மாமா அவர் இதைப் பண்ணாரு? நாம பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"

தையல்காரர் ஒரு சிவப்புக் கோட்டை விரலால் தடவினார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தையலைப் பிரித்தவர் அவர். பிளேடு முனையில் நூலைத் தூக்கி, துணிக்கு நோகாமல் உருவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சட்டையைத் தானே தைக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் வைத்துத் தைத்துவிட்டான். கொடு, பிரித்துத் தைக்கிறேன் என்றதற்கு, "பிரிக்காதீங்கப்பா, நான் தைச்சது," என்று சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கையைச் சரியாகத் தூக்கக்கூட முடியாமல் அதையே போட்டுக்கொண்டு திரிந்தான். விளையாட்டில் அக்குளோடு கிழிந்தது. கிழிந்ததைக் கொண்டுவந்து தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நின்றான். இப்போது அவன் வந்து நின்றால் போதும். எத்தனை சட்டையை வேண்டுமானாலும் கோணலாகத் தைக்கட்டும்.

"நானே அவிழ்க்கிறேன்," என்றார்.

பொறுமை ஸ்பேனரை மாட்டிக் கொடுத்தார். தையல்காரர் இழுத்தார். அசையவில்லை. கத்திரிக்கோல் பிடித்தே காலம் கழித்த கை அது. இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பதுபோல இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது அவன் பலம். அவனை எரித்துச் சாம்பலாக்கியாயிற்று. ஆனால் அவன் கை கொடுத்த இறுக்கம் இதற்குள் இன்னும் இருக்கிறது.

"நல்லாத்தான் முடுக்கியிருக்கான்," என்றார்.

"ஆமாய்யா. இதைவிட நல்லா நானே முடுக்க மாட்டேன்."

மூன்றாவது இழுப்பில் 'டிக்' என்று விட்டது. சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து விலகியது. தையல்காரர் ஸ்பேனரை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மற்ற மூன்று போல்ட்டையும் அவிழ்த்தார்.

மூடிகள் இடம் மாறின. பொறுமை காட்டிக்கொடுக்க, தையல்காரரே முடுக்கினார். கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் 'ஸ்ஸ்' என்று மூச்சுவிட்டுக்கொண்டு முழுச் சுற்று வந்தது. ஒன்றையும் நாலையும்கூட ஒரு தடவை அவிழ்த்துச் சரிபார்ப்பதுதான் முறை. பொறுமை அந்தப் பக்கம் பார்த்தார், பெரியவரின் முகத்தைப் பார்த்தார். "அது ரெண்டும் நம்பர் சரியா இருக்கு. தொட வேணாம்," என்றார்.

மருமகள் கணவனின் டூல் பெட்டியைக் கிளறி அந்தக் குட்டி பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாட்டிலை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கி, நான்கு போல்ட்டிலும் புதுக் கோடு போட்டாள். பொறுமை, எஞ்சினுக்கு அடியில் மாட்டும் எண்ணெய்த் தொட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அதை வைத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை.

"ஒரு தடவை சுத்தும்மா," என்றார் தையல்காரர்.

அவள் மெல்லச் சுற்றினாள். ஓரத்தில் இருக்கும் ஒன்றும் நாலும், அவன் போட்ட கோடுகளோடு, மேலே வந்தன. நடுவில் இருக்கும் இரண்டும் மூன்றும் கீழே இருட்டுக்குள் போயின. பிறகு இவை வந்தன, அவை போயின.

"நாலும் ஒண்ணா மேல வராதா தம்பி?"

"வராதுய்யா. ஒரு ஜோடி ஏறுனா ஒரு ஜோடி இறங்கும். அப்படித்தான் ஓடும்."

தையல்காரர் தலையசைத்தார். கனமான தொட்டி பொறுமையின் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் மூடட்டுமா என்று அவர் கேட்கவில்லை. மருமகள் கைப்பிடியை இன்னொரு சுற்றுக்குத் திருப்பினாள். பழைய சிவப்புக் கோடுகள் மறுபடி மேலே வரத் தொடங்கின.