பாறைக்குப் பின்னால்

தன் ஓவியக் கண்காட்சிக்கு அண்ணன் வரமாட்டான் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வந்தான், போதாக்குறைக்குப் பணிமனையிலிருந்து இரண்டு ஓட்டுநர்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. கூடத்துக்குள் நுழையும்போதே, "எங்கே, நம்ம படம் எங்கே?" என்று குரல் கொடுத்தான்.

படத்தில் அவன் இல்லை.

விடுமுறை கிடைத்த போதெல்லாம் பேருந்து போகாத அந்தக் கடற்கரைக்கு அவளை வண்டியில் அழைத்துப் போனவன் அவன்தான். வண்ணப்பெட்டியைச் சுமந்து வந்து மணலில் வைத்துவிட்டு, "நீ உன் வேலையப் பாரு" என்று தள்ளிப் போய்க் கரும்பாறை மேல் உட்கார்ந்துகொள்வான். அண்ணி இறந்த பிறகு வீட்டில் அவன் வாய் ஓய்ந்ததே இல்லை. எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பான். அங்கே மட்டும் பேச்சு நின்றுவிடும். முதுகைக் காட்டிக்கொண்டு, தோள்கள் தளர்ந்து, கடலைப் பார்த்தபடி இருப்பான். ஒருநாள் அந்த முதுகு குலுங்குவதை அவள் பார்த்தாள். எழுந்து அவனிடம் போகவில்லை. வெளிச்சம் போய்விடுமே என்று தூரிகையைத்தான் எடுத்தாள். அவள் வரைந்ததிலேயே உயிருள்ள கோடு அந்த முதுகுதான்.

"ஆள் வேண்டாமே. ஆள் இருந்தா அது யாரோ ஒருத்தரோட சோகம். இல்லேன்னா பாக்கிறவங்களோட தனிமை" என்றார் கண்காட்சி நடத்துபவர். அவளுக்கு இது முதல் கண்காட்சி. மறுபேச்சுப் பேசாமல், சாம்பல் நீலத்தைக் குழைத்து அண்ணனை மூடினாள். படம் முன்னைவிட அழகாகிவிட்டது. அந்த அழகுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. இதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவனோ, தங்கச்சி படத்தில் தானும் இருப்பதாகப் பணிமனை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

"ஏம்ப்பா, கடல் இருக்கு, பாறை இருக்கு. உன்னக் காணோமே?" என்றார் மூத்த ஓட்டுநர்.

அண்ணன் படத்தருகே குனிந்து தேடினான். பிறகு அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"பாறைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்ப்பா. வெயில் தாங்கல."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர், "என்ன ஒரு தனிமை!" என்று பெருமூச்சு விட்டார். "எந்தங்கச்சி வரைஞ்சதுங்க" என்றான் அவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

திரும்பும்போது வண்டியில் அவர்கள் இருவர் மட்டும்.

"அண்ணா, உன்ன வரைஞ்சிருந்தேன். அப்புறம் நானேதான்..."

"விடு. படம் நல்லாத்தானே இருக்கு." கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "நான் அழுதது அதுல தெரிஞ்சுதா?"

"ம்."

"அப்போ நீ பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

 

அடுத்த விடுமுறையில், கடற்கரைக்குப் போகலாமா என்று அவள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அதுக்கென்ன, வா" என்றான். எப்போதும்போல் பெட்டியை மணலில் இறக்கி வைத்துவிட்டுப் பாறைக்குப் போனான். இந்த முறை கடலுக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து உட்கார்ந்தான். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்குச் சிரிப்பவன்போலச் சிரித்தான். பின்னால் எழுந்த அலை பாறையில் மோதிச் சிதறி அவன் சட்டையை நனைத்தது. அவன் திரும்பவே இல்லை.